லாரி டிரைவரின் நேரத்துக்கு மதிப்பு பூஜ்யமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டாக் ஷெட்யூலிங் எடுக்கலாம்னு யோசிக்கிறீங்களா? நல்ல தலைப்புதான். ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் டாக்குகள் சில, வரும் லாரிகள் பல. எந்த லாரி, எந்த டாக்கில், எத்தனை மணிக்கு? ஜெனடிக் அல்காரிதமா, இன்டிஜர் ப்ரோகிராமிங்கா என்ற சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல ஒரு கேள்வி: நீங்க எதைக் குறைக்கப் போறீங்க?

ஒரு சின்னக் கணக்கு. ஒரே ஒரு டாக். காலை 8 மணிக்கு மூணு லாரி ஒண்ணா வருது. லோடு இறக்க ஆகும் நேரம் 120, 40, 20 நிமிடம். இதே வரிசையில் விட்டால் இரண்டாவது வண்டி 120 நிமிடம், மூன்றாவது வண்டி 160 நிமிடம் காத்திருக்கும். மொத்தம் 280. வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்க. காத்திருப்பு 20, 60. மொத்தம் 80தான்!

ரெண்டு வரிசையிலும் வேலை 11 மணிக்குத்தான் முடியுது. டாக் ஒரு நிமிடம்கூட சும்மா இல்லை. அதனால் மேக்ஸ்பேன், அதாவது கடைசி வேலை முடியும் நேரத்தை மட்டும் குறைக்கச் சொன்னால், உங்க ப்ரோக்ராமுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வெளியே காத்திருக்கும் டிரைவர்களுக்கு அப்படி இல்லை.

சின்ன வேலையை முதலில் முடித்தால் சராசரி காத்திருப்பு குறையும் என்பது 1956-ல் ஸ்மித் எழுதிய கட்டுரையிலேயே இருக்கு. பிறகு ஏன் விட்டுடறோம்? டாக்கும் ஃபோர்க்லிஃப்டும் கிடங்கோட செலவு. லாரி நிற்பது வேறு யாரோட செலவோ. ட்ரிப் கணக்கில் சம்பளம் வாங்குறவருக்கு அது காசு வராத நேரம்.

காசு மட்டுமும் இல்லை. லோடு ஏற்றி இறக்கும் இடத்தில் லாரி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-ல் மதிப்பிட்டது. அது அந்த நாட்டு எண். ஆனா தூக்கமும் அவசரமும் ஒரகடத்தில் நிற்கும் டிரைவருக்கும் ஒண்ணுதானே?

"அப்போ பெரிய லோடு வண்டி எப்பவும் கடைசியா?"னு கேட்பீங்க. சரியான கேள்வி. நாள் முழுக்க சின்ன வண்டிகள் வந்துக்கிட்டே இருந்தா அதுதான் நடக்கும். அதனால் சராசரியைக் குறைத்தால் மட்டும் போதாது. எந்த லாரியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்டும் வேணும். அதனால் டாக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

அப்ஜெக்டிவ் ஃபங்ஷனில் இல்லாத எதையும் கம்ப்யூட்டர் தானா கவனிக்காது. அங்கே யாரோட நேரத்தை எழுதுறோம்ங்கிறது நம்ம முடிவு. ரிவ்யூவில் ரிசல்ட் டேபிள் காட்டும்போது, ஒவ்வொரு லாரியும் எத்தனை நிமிடம் நின்றது என்று ஒரு காலம் சேர்த்துக் காட்டுங்க.