விரல் அசைந்தால் போதுமா?

பழனி மலைத் தொடரிலே, கொடைக்கானலை அடுத்து, அட்டுவம்பட்டி. பெண்களுக்கென 1984-ல் பிறந்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்த ஊர். அங்கே பயிலும் மாணவி, தேநீர்க் கடையிலே கைப்பேசியைக் காட்டுகிறாள். காசு போய்ச் சேருகிறது. பூண்டுக் காட்டிலே களையெடுத்துத் திரும்பும் தாயோ, முந்தானை முடிச்சை அவிழ்த்து, சில்லறையை எண்ணி வைக்கிறார்.

ஏன் இந்த வேறுபாடு? "படிக்காதவர்கள், பழமையில் ஊறியவர்கள்" என்கிறார்கள் மெத்தப் படித்த மேதாவிகள். மக்கள்மீது பழி போடுவதுதான் எத்தனை எளிது!

அந்தத் தாயின் அச்சத்தைக் கேட்டார்களா? ஓர் எண் பிசகினால் வாரக்கூலி எவரிடமோ போய்விடும். போனதை யாரிடம் கேட்பது? வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் மகன் சட்டைப்பையில்! இரகசிய எண்ணை அவனிடம் சொன்னால்தான் காரியம் நடக்கும். சொன்னபின் அது இரகசியமா? மலை மடிப்பிலே அலை எட்டாதபோது, திரையிலே சக்கரம் சுற்றுகிறது. பார்ப்பவர் தலையும் சுற்றுகிறது!

கடைக்காரர் கதை வேறு. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்றார்கள். தாளில்லாத் தவிப்பிலே அன்று பலர் கைப்பேசியை எடுத்தார்கள். அதை விருப்பம் என்று சொல்வது கேலி. வேரூன்றியது பிறகுதான். 2020 ஜனவரியிலிருந்து யு.பி.ஐ. வரவுக்கு வணிகரிடம் கட்டணமில்லை என்றானது. வந்த தொகையைத் தமிழிலேயே உரக்கச் சொல்லும் பெட்டி கடையேறியது. காதாலே கேட்டார், ஐயம் அகன்றது! 2025 ஆகஸ்டு ஒரே மாதத்தில், இந்தியா முழுவதும் யு.பி.ஐ. பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின.

கென்யாவைப் பாருங்கள். 2007-ல் அங்கே எம்-பெசா வந்தது. (பெசா என்றால் சுவாகிலியில் பணம், நம் பைசாவுக்கு உறவு!) விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை, சாதாரணக் கைப்பேசியே போதும். நகரிலே உழைத்த மகன் அனுப்பினான். ஊரிலே தாய் தெருமுனை முகவரிடம் ரொக்கமாகப் பெற்றாள். கேள்வி கேட்க எதிரே ஒரு முகம் இருந்தது!

இங்கே? 2022 மார்ச்சில் சாதாரணக் கைப்பேசிக்கும் வழி திறந்தார்கள், வரவேற்போம். அதை எத்தனை வங்கிக் கிளைகள் கூலிக்காரப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லின? 2023 செப்டம்பரிலே, வாயால் சொன்னாலே பணம் போகும் என்று அறிவித்தார்கள். எந்த மொழியில் சொன்னால்? இந்தியில், ஆங்கிலத்தில்! மற்ற மொழிகள் பின்னால் வருமாம். பந்தியிலே முதல் இலை அவர்களுக்கு, தமிழுக்குத் திண்ணையா?

அதே மாதம் 15-ஆம் நாள், அண்ணா பிறந்த காஞ்சியிலே, அவர் பிறந்தநாளன்று, மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு, அவரவர் வங்கிக் கணக்கிலேயே! கணக்கு அவள் பெயரில். கைப்பேசி மகன் கையில். இந்த இடைவெளியை அடைப்பது யார் பொறுப்பு?

வங்கிகளைக் கேட்கிறோம்: கூலி கொடுக்கும் நாளிலே, தமிழ் பேசும் ஊழியர் ஒருவரை அட்டுவம்பட்டிக்கு அனுப்புங்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி போதும். பணம் தவறிப்போனால் புகாரை அங்கேயே எழுதி வாங்கி, கையெழுத்திட்ட சீட்டுக் கொடுங்கள். சொல்லித்தரப் பல்கலைக்கழக மாணவியரைக் கூப்பிடுங்கள்; எட்டி நடந்தால் வந்துவிடுவார்கள்.