பணம் முன்னே, பூட்டு பின்னே

திண்டுக்கல்காரனிடம் பூட்டு விற்க வருகிறவனுக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பூட்டைக் கண்ணில் காட்டாமலே விற்க வருகிறவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். அப்படிப்பட்ட துணிச்சல்காரர்கள் இப்போது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டார்கள். நேரில் அல்ல, கைபேசித் திரையில். அவர்கள் விற்கிற பூட்டுக்கு ஃபயர்வால் ரௌட்டர் என்று பெயர். வீட்டுக்குள் வருகிற இண்டர்நெட் கம்பி முதலில் இந்தப் பெட்டிக்குள் நுழையுமாம். நல்லதை உள்ளே விட்டு, கெட்டதை வாசலிலேயே நிறுத்தி விடுமாம். அதுவும் மின்னல் வேகத்தில்! பெட்டி இன்னும் தயாராகவில்லை. விலை மட்டும் தயார். இன்றைக்கே முழுப் பணத்தையும் கட்டி 'முன்பதிவு' செய்து கொண்டால் தள்ளுபடி உண்டு. பெட்டி தயாரானதும் அனுப்பி வைப்பார்கள்.

நான் எதிர்ப்பது பெட்டியை அல்ல. இந்த முன்பதிவை.

ஃபயர்வால் என்பது கட்டடக்காரர்களின் சொல். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்க நடுவே எழுப்புகிற சுவர் அது. கம்ப்யூட்டர்காரர்கள் 1980-களில் அதை இரவல் வாங்கித் தங்கள் காவலுக்குப் பெயராக வைத்துக் கொண்டார்கள். நல்ல பெயர்தான். ஆனால் பாதிச் சுவர் எழும்பாத நிலையில், வரைபடத்தைக் காட்டி, "இனி உங்கள் வீட்டில் தீப்பற்றாது" என்று சொல்லிப் பணம் வாங்குகிற கொத்தனாரை நாம் என்ன செய்வோம்? எங்கள் பக்கத்தில் என்றால், திண்ணையில் உட்கார வைத்து நாலு கேள்வியாவது கேட்போம்.

எங்கள் ஊர்ப் பூட்டு வியாபாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். நாகல் நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பட்டறை வைத்துத் தகடு வெட்டி, லீவர் பொருத்தி, அரத்தால் ராவி ராவி ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்கென்றே ஒரு சாவி செய்து கொடுத்தார்கள். ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது என்பதுதான் அந்த மாங்காய்ப் பூட்டின் கௌரவம். 1957-ல் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு வந்த நேரத்தில் பட்டறைகள் பாதி மூடிக் கிடந்தன. அலிகார் பூட்டும் இயந்திரப் பூட்டும் சந்தையைப் பிடித்து விட்டன. அது வேறு துக்கம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இங்கே நான் சொல்ல வந்தது வேறு. கோயிலுக்கோ கிட்டங்கிக்கோ பெரிய பூட்டு வேண்டுமென்றால் ஆசாரியிடம் அச்சாரம் கொடுப்பார்கள். இரும்பும் பித்தளையும் வாங்கக் காணும் தொகைதான் அச்சாரம். மீதிப் பணம் எப்போது? பூட்டு கைக்கு வந்து, சாவியைப் போட்டு நாலு தரம் திருப்பிப் பார்த்து, நாதாங்கியில் மாட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான். அன்றாடங்காய்ச்சியான ஆசாரி சம்மதித்த ஏற்பாடு இது. கோடிகளில் புரளுகிற கம்பெனிக்கு இது கட்டுப்படியாகவில்லையாம்! முழுப் பணமும் முன்னால் வேண்டுமாம்!

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். கொரோனா காலத்தில் மூட்டை முடிச்சுடன் வந்தவன், தாயாரைத் தனியே விட மனமில்லாமல் இங்கேயே தங்கி விட்டான். கெட்டிக்காரன். ஆனால் பயந்தவன். கம்பெனிக் கணக்குகள் தன் வீட்டுக் கம்பி வழியே போய் வருகின்றனவே, யாராவது புகுந்து விட்டால் தன் வேலை போய்விடுமே என்கிற பயம். அந்தப் பயத்தைத்தான் விளம்பரம் பிடித்துக் கொண்டது. அயல்நாட்டுக் கம்பெனி ஒன்றின் அதிவேக ஃபயர்வால் ரௌட்டருக்கு நாற்பத்தோராயிரம் ரூபாய் கட்டி முன்பதிவு செய்தான். மழைக்கு முன்னால் ஓடு பிரித்து மாற்றுவதற்கென்று ஒதுக்கிய பணம் அது. மார்ச்சில் வரும் என்றார்கள். மார்ச்சில், சில்லுத் தட்டுப்பாடு, ஆகஸ்டில் வரும் என்றார்கள். ஆகஸ்டில், வடிவத்தை இன்னும் மேம்படுத்துகிறோம், பொறுமைக்கு நன்றி என்றார்கள். ஐப்பசி மழை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. சமையற்கட்டில் மூன்று இடத்தில் ஏனம் வைத்து ஒழுகலைப் பிடித்தார்கள்.

"ஏம்ப்பா, அந்தப் பூட்டு வந்துருச்சா?" என்று அந்த அம்மாள் கேட்கிற போதெல்லாம் அவன் தலையைக் குனிந்து கொள்வான். தலை குனிய வேண்டியவன் அவனா? கேட்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டி வினாடிக்குப் பத்தாயிரம் மெகாபிட் தாங்கும் என்பது விளம்பரம். அவன் வீட்டுக்கு வருகிற கம்பியிலோ நூறு மெகாபிட். தெருக்குழாயில் நூல் கனத்துக்குத் தண்ணீர் வருகிற ஊரில், யானை குளிக்கிற தொட்டியை வீட்டில் கட்டினால் தண்ணீர் பெருகி விடுமா? கோடையில் குடத்துடன் காத்து நின்ற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொன்று: இந்த வேக எண்களைப் பெரும்பாலும் பெட்டி எதையும் சோதிக்காமல் வாரி விடுகிற நிலையில் அளந்து போடுகிறார்கள். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார் என்று காவலைப் பூராவும் முடுக்கி விட்டால் வேகம் இறங்கும். சுங்கச் சாவடியில் எல்லா மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தால் வண்டி வரிசை நீளத்தானே செய்யும்!

சரி, ஆபத்தே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2016 அக்டோபர் 21-ல் மிராய் என்ற நச்சு நிரல் அமெரிக்காவில் பல பெரிய தளங்களை மணிக்கணக்காக எட்டாமல் செய்தது. எதை வைத்து? கண்காணிப்புக் காமிராக்களையும் வீட்டு ரௌட்டர்களையும் வைத்து. அவற்றுக்குள் எப்படிப் புகுந்தது? தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால் புகுந்தது. அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல்தான் அதன் கள்ளச்சாவிக் கொத்து. அடுத்த ஆண்டு, 2017 ஜூலையில், நம் பி.எஸ்.என்.எல். மோடங்களுக்கே அந்தக் கதி நேர்ந்தது. 'அட்மின்' என்ற பாஸ்வேர்டுடன் விட்டிருந்த மோடங்கள் செயலிழந்தன. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று அந்த நிறுவனமே சந்தாதாரர்களைக் கேட்டுக் கொண்டது. மாற்ற எவ்வளவு நேரம்? ஐந்து நிமிஷம். செலவு? சல்லிக் காசில்லை. எங்கள் தெருப் பையனின் பழைய மோடத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தபோது, அவன் தாயார் போட்ட காப்பி இன்னும் ஆறவில்லை.

திருக்குறளில் அரண் என்றே ஓர் அதிகாரம் உண்டு. கோட்டையின் பெருமையை எல்லாம் சொல்லி விட்டுக் கடைசியில், உள்ளே இருக்கிறவர்கள் செயல்திறம் இல்லாதவர்களானால் அந்த அரண் இல்லாததற்குச் சமம் என்று முடிக்கிறார் வள்ளுவர். எங்கள் மலைக்கோட்டையே சாட்சி. நாயக்கர் எழுப்பியது, 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து அமர்ந்தது, 1790-ல் கும்பினிப் படை பிடித்தது. பாறை அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்கு நம் ஜனங்கள் பணத்தைப் பறிகொடுப்பது பெரும்பாலும் போனில் வருகிற குரலுக்கு. போலீஸ் பேசுகிறேன், பாங்கி பேசுகிறேன் என்றதும் ஓ.டி.பி. எண்ணை நாமே வாசித்துக் காட்டுகிறோம். அந்த வாக்கியத்தை எந்தப் பெட்டி தடுக்கும்? ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யவேண்டும் என்பதாவது எத்தனை வீடுகளில் தெரியும்?

முன்பதிவை ஆதரிப்பவர்கள் ஒரு நியாயம் சொல்லுகிறார்கள். அதை அலட்சியம் செய்யக் கூடாது. புதிதாய் ஒன்றைக் கண்டுபிடிக்கிற சிறிய ஆளுக்கு பாங்கி கடன் தராது. ஜனங்கள் முன்னால் பணம் தந்தால்தான் அவன் தலையெடுக்க முடியும் என்கிறார்கள். வாஸ்தவம். அப்படியானால் அதைக் கடன் என்று சொல்லி வட்டி கொடு. அல்லது பங்கு என்று சொல்லி லாபத்தில் பாதியோ காலோ கொடு. நஷ்டத்தில் மட்டும் நான் கூட்டாளி, லாபத்தில் நான் வெறும் வாடிக்கைக்காரன் என்பது எந்த ஊர் வியாபாரம்?

நம் சட்டத்துக்கு இந்தச் சங்கதி புரியாமல் இல்லை. வீடு கட்டி விற்கிறவர்களின் கையில் எத்தனையோ குடும்பங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2016-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குகிற பணத்தில் 70 சதவீதத்தை அந்தக் கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் போட வேண்டும் என்றது அது. சீட்டுப் பிடிப்பவரைக்கூட 1982-ம் வருஷச் சட்டம் சும்மா விடவில்லை; சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையம் கட்டு என்கிறது. கம்பெனிகளுக்கான 2014-ம் வருஷ விதிகளிலும், சரக்குக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளைக்குள் சரக்காக ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. இதெல்லாம் நம் நாட்டுக் கம்பெனிக்கு. கடல் கடந்து இருக்கிறவனை எந்த விதியால் கட்டுவது? பெட்டி விற்கிறவனுக்கும் 10 சதவீத வரம்பு வேண்டும், தனிக் கணக்கு வேண்டும், நம் மண்ணில் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவனின் விளம்பரத்துக்கு இங்கே இடம் தரக் கூடாது. இதுதான் என் கட்சி.

உள்நாட்டிலும் ஒரு பாடம் நடந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று நோய்டாக் கம்பெனி ஒன்று 'ஃப்ரீடம் 251' முன்பதிவைத் திறந்தது. திறந்த அன்றே கூட்டம் தாங்காமல் தளம் படுத்து விட்டது. பிறகு, கட்டியவர்களுக்குத் திருப்பித் தருகிறோம், போன் கைக்கு வந்ததும் காசு கொடுங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு, விநியோகஸ்தர் கொடுத்த மோசடிப் புகாரில் அதன் இயக்குநரைப் போலீசார் கைது செய்தார்கள். 251 ரூபாய் போனால் போகிறது என்று சிரித்தவர்கள் உண்டு. நாற்பத்தோராயிரத்துக்கு அப்படிச் சிரிக்க முடியுமா?

பெட்டி கப்பலேறி வந்தாலும் கதை முடிவதில்லை. வைஃபை சாதனம் எதுவானாலும் இந்தியாவுக்குள் வர மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு ஒப்புதல் வேண்டும். முன்பதிவுக்காரன் அதை வாங்கியிருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. சுங்கத்தில் நிற்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. 2020-ல் அமெரிக்கா 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வீட்டு வைஃபைக்குத் திறந்து விட்டது. இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அனுமதி இல்லை. அந்த அலைவரிசைக்காகவே கூடுதல் விலை கொடுத்து வரவழைத்தவர்கள், ஓட்ட ரோடில்லாத ஊரில் கார் வாங்கியவர்களைப் போல் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பூட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆசாரி செத்துப் போனாலும் அவர் செய்த பூட்டு பூட்டும். இந்தப் பெட்டியோ, செய்தவன் அவ்வப்போது புது நிரல் அனுப்பினால்தான் காவல் காக்கும். அனுப்புவதை நிறுத்தினால் ஓட்டைகள் ஒவ்வொன்றாய்த் திறக்கும். எத்தனை வருஷம் அனுப்புவாய் என்பதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் அமலில் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போடுவதையும் அது தடுத்து விட்டது. அந்தக் கேள்வியை நானும் கேட்டுப் பார்த்தேன். பையன் பணம் கட்டிய கம்பெனிக்கு, எத்தனை வருஷம் நிரல் தருவீர்கள், கம்பெனி மூடினால் யார் பொறுப்பு, அவன் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மூன்றே வரியில் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. எங்கள் தயாரிப்பில் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, அடுத்த மாடலுக்கான முன்பதிவு இன்னும் மூன்று நாள்தான் என்று எழுதியிருந்தார்கள்.