அன்னைக்கும் ஓர் ஊசி!

"நான் எங்கே வெளியே போகிறேன்? எனக்கெதற்கு ஊசி?" 2021இல் நாகல்நகரிலும் பேகம்பூரிலும் திண்ணைதோறும் கேட்ட பேச்சு இது. மகன் போட்டுக்கொண்டான், பேரன் போட்டுக்கொண்டான், வாசற்படி தாண்டாத எனக்கேன் வம்பு என்றனர் மூதாட்டியர்.

வம்பு வாசலிலா நின்றது, தோழர்களே? திண்டுக்கல் பூட்டு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு! கள்ளனைத் தடுக்கும். கொரோனா கள்ளச்சாவி போட்டா வந்தது? ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வந்த மகனின் மூச்சிலேறி வந்தது. தாயே கதவைத் திறந்தாள், சோறிட்டாள், அருகில் பாய் விரித்தாள்!

கற்பனையல்ல. 2020இல் தமிழகத்திலும் ஆந்திரத்திலும், நோயாளிகளோடு பழகிய ஐந்தே முக்கால் லட்சம் பேரை ஆராய்ந்தார்கள். ஊர்ப்பொதுவில் பழகியோரில் தொற்றியது நூற்றுக்கு 2.6 பேருக்கு, வீட்டுக்குள்ளேயோ 9 பேருக்கு! மாடி மனையிலே தனியறை உண்டு. ஒற்றை அறையில் ஆறு பேர் உறங்கும் உழைப்பாளி எங்கே போய்த் தனித்திருப்பான்? 'தனித்திரு' என்று தாளில் எழுதுவது எளிது!

"ஊசி போட்டவனுக்கும் வந்ததே" என்று எகத்தாளம் பேசுவோர் உண்டு. வந்தது, மறைக்கவில்லை. டெல்டா ஆட்டம் போட்ட 2021இல் இங்கிலாந்து வீடுகளில் பார்த்தார்கள். நோயாளியுடன் வாழ்ந்தோரில், இரு ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கும், பெறாதவர்களில் 38 பேருக்கும் தொற்றியது. நோயுற்றுவிட்டால், ஊசி பெற்றவரும் பெறாதவரைப் போலவே வீட்டாருக்குப் பரப்பினார் என்றும் கண்டார்கள். பொருள் என்ன? மகன் போட்ட ஊசி மகனுக்குக் காவல். தாய்க்குத் தாயின் ஊசிதான் காவல்!

எத்தகைய காவல் என்பதை நம் காவல்துறைக் கணக்கே காட்டும். தமிழகக் காவலர் 1,17,524 பேரில், 2021 ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை கொரோனாவுக்குப் பலியானோர் 31. ஊசியே பெறாத 17,059 பேரில் 20 உயிர்; இரு ஊசி பெற்ற 67,673 பேரில் 4 உயிர்! ஒரே வேலை, ஒரே வீதி, ஒரே வெயில்.

கொரோனா அடங்கிற்று. ஐப்பசி மழையோடு வரும் இன்ஃபுளூயன்சா அடங்கவில்லை; அதுவும் வீட்டுக்குள்தான் தாவுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தேந்தி ஏழையின் குடிசைக்கே நடந்தது. ஊழியர் கால்களுக்குத் தெரிந்த வழி அது. அதே வழியில், குளிர்ப்பெட்டியில், முதியோருக்கான இன்ஃபுளூயன்சா ஊசியும் இலவசமாக வர வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் வர வேண்டும்!