"பிள்ளை தூங்குது" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் தூங்கியவர்களும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். கை நிறைய வளையலோடு பக்கத்தில் வந்து, "காலையில இருந்து பிள்ளை அசையவே இல்ல பெரியம்மா" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் ஆளுக்கு ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. "ஒம்பதாம் மாசம்னா உள்ள எடம் இருக்காதுல்லா, அடங்கித்தான் கெடக்கும்." "தூங்குதா இருக்கும்." "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு." "போன வாரந்தான ஸ்கேன் எடுத்தீங்க, எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்கள்லா?"

நாலும் தப்பு.

இடம் குறைந்தால் உதையின் விதம் மாறும். ஓங்கி உதைத்தது, புரள்வது போலத் தெரியும். ஆனால் மாதம் நிறைந்ததால் அசைவு குறைய வேண்டியதில்லை. பிரசவ வலி வரும் வரை அசைவு இருக்க வேண்டும். தூக்கமும் அப்படித்தான். வயிற்றுப் பிள்ளை ஒரு தடவை தூங்கினால் இருபது, நாற்பது நிமிடம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். காலை முதல் மத்தியானம் வரை எந்தப் பிள்ளை தூங்குகிறது? நஞ்சுக்கொடி வழியாக வரும் பிராணவாயு குறைந்தால், இருக்கிற சக்தியை மிச்சம் பிடிக்க பிள்ளை அசைவைக் குறைத்துக்கொள்ளும். வெளியே சொல்ல அதற்கு வேறு வழி கிடையாது. ஸ்கேன் என்பது எடுத்த அன்றைய சேதி. போன வாரப் பரீட்சையில் நூறு வாங்கியவனுக்கு இந்த வாரமும் நூறு போட முடியுமா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் இருக்கிறது. 1984-ல் எனக்கு முதல் பிரசவம், எட்டாம் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை அசைவு குறைந்தது. அத்தையிடம் சொன்னேன். சாப்பிட்டுப் படு, சரியாகிவிடும் என்றார்கள். சனிக்கிழமையும் அதே பதில். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் குழாயை வயிற்றில் வைத்துக் காது கொடுத்துக் கேட்ட நர்ஸ், ஒன்றும் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடப் போனார். வெள்ளிக்கிழமையே போயிருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. போகவில்லை என்பது மட்டும் தெரியும். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அத்தை சாகும் வரை அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை.

இதில் இன்னொரு குற்றவாளி நான். அறிவியல் டீச்சராக இருந்துகொண்டு, இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று எத்தனை வருஷம் தள்ளிவிட்டேன்! இன்று நடத்துகிறேன்.

ஏழாம் மாதத்துக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழக்கம் வந்துவிடும். ஒன்று ராத்திரியில் ஆடும், ஒன்று சாப்பிட்டதும் ஆடும். அந்த வழக்கம் தாய்க்கு மட்டும்தான் தெரியும். சந்தேகம் வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கவனிக்கலாம். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் உடனே கிளம்ப வேண்டும். அசைவு அறவே இல்லை என்றால் எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டாம். ராத்திரி என்றாலும் பிரசவ வார்டு திறந்துதான் இருக்கும். வண்டி இல்லையென்றால் 108.

அங்கே என்ன செய்வார்கள் என்று பயப்படவும் வேண்டாம். வயிற்றில் இரண்டு பட்டை கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பைத் தாளில் கோடாக எடுப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்க வேண்டும், அசையும்போது துடிப்பு ஏற வேண்டும். தேவைப்பட்டால் பனிக்குட நீரையும் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தையும் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மாணவன் ஒருவன் மனைவிக்கு வீட்டிலேயே துடிப்பு கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறான். தம்பி, அதில் கேட்பது உன் மனைவியின் நாடியாகவும் இருக்கலாம். பிள்ளைக்குத் துடிப்பு இருந்தாலும் அது நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதே.

போனால் உடனே ஆபரேஷன் பண்ணிவிடுவார்கள் என்பீர்கள். அந்தப் பயத்தை நான் ஒதுக்கவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2018-ல் வெளியிட்டார்கள். அசைவைப் பற்றித் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்து, வந்தவர்களை ஒரே முறையில் கவனித்ததில் சிசேரியன் கூடியது, வயிற்றில் சாவது பெரிதாகக் குறையவில்லை. இது ஆஸ்பத்திரிகள் யோசிக்க வேண்டிய விஷயம். ஆபரேஷன் எதற்கு என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்க உரிமை உண்டு. ஆனால் அசையவில்லை என்று சொல்லும் பெண்ணை வீட்டில் உட்கார வைக்க இது காரணமாகாது. போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் "பிள்ளை நல்லா இருக்கு" என்ற சொல்லோடுதான் திரும்புகிறார்கள்.

வளைகாப்பைப் பாதியில் விட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். கோடு நன்றாக வந்தது, ஸ்கேனும் சரி. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு குரல்: "நான் அப்பவே சொன்னேம்லா, ஒண்ணும் இருக்காதுன்னு!"

மதினி, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை, அடுத்த வளைகாப்புக்கும் வருவேன்.