வறுமையா, வீடா எமது ஆசான்?

தமிழ்ப் பெற்றோர் கூடும் இடங்களில் இரண்டு கூற்றுக்களை நாம் ஓயாது கேட்கின்றோம். "நாங்கள் பட்ட கஷ்டம் எங்கள் பிள்ளைகள் படக்கூடாது" என்பது ஒன்று. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாது" என்பது மற்றையது. பெரும்பாலும் ஒரே நாவிலிருந்தே இவ்விரண்டும் பிறக்கின்றன. முதலாவது ஆசை நிறைவேற இரவு பகலாய் உழைக்கும் நாம், அது நிறைவேறியதும் இரண்டாவதைச் சொல்லி வருந்துகின்றோம். இம்முரண்பாட்டைச் சற்றே சிந்திப்பது இவ்விழா மலருக்குப் பொருத்தமாகும் என எண்ணுகின்றோம்.

வறுமையே மனிதரை உருவாக்குகின்றது என நம்புவோர் எம்மிடையே உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எத்தனையோ சிறுவர்களைப் பள்ளி வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியது வறுமைதான். ஆயினும், ஏழை வீடுகள் சிலவற்றிலிருந்து பொறுப்பும் நேர்மையும் மிக்கோர் தோன்றினர் என்பதும் உண்மையே. அவ்வீடுகளில் வறுமையோடு கூட வேறு எது இருந்தது என்பதே எமது வினா. விடை காண்பதற்கு, எமது மாணவர்கள் நன்கறிந்த ஒருவரின் இளமைக் காலத்தை நோக்குவோம்.

2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அவர்கள், 1931 ஒக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தவர். தந்தையார் ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர். பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புகைவண்டி இராமேசுவரத்தில் நிற்காமற் போகவே, செய்தித்தாட் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வெளியே வீசப்பட்டன. அவற்றைச் சேகரித்து வீடு வீடாகக் கொடுக்கும் பணியில் சிறுவன் கலாம் தன் உறவினர் சம்சுதீனுக்குத் துணை நின்றான். அவனது முதற் சம்பாத்தியம் அதுவே.

அக்காலத்தில் உணவுப் பொருட்களுக்குப் பங்கீடு இருந்தது. ஒருநாள் தாயார் ஆஷியம்மா சப்பாத்தி பரிமாறப் பரிமாற, சிறுவன் உண்டுகொண்டே இருந்தான். உண்டு முடிந்ததும் தமையனார் அவனைத் தனியே அழைத்து, தாயார் தம் பங்கையும் அவனுக்கே கொடுத்துவிட்டதை எடுத்துச் சொன்னார். சிறுவன் ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொண்டான். பிற்காலத்தில் கலாம் அவர்களே இதனைப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

1950களின் நடுப்பகுதியில், சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1000 ரூபாய் தேவைப்பட்டது. வீட்டில் அத்தொகை இல்லை. தமக்கையார் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தாலேயே அந்நகைகளை மீட்பதென உறுதி பூண்ட கலாம், உதவித்தொகை பெறும் நோக்குடன் ஊன்றிக் கற்றார்.

இந்நிகழ்ச்சிகளில் அவரை உயர்த்தியது எது? பசியா? பசி அவ்வூரில் வேறு வீடுகளிலும் இருந்திருக்கும். தனக்குக் கிடைத்த ஒவ்வொன்றும் எவருடைய பங்கிலிருந்து வந்தது என்பதை அவ்வீட்டுப் பிள்ளை அறிந்திருந்தான். சப்பாத்தி தாயின் பங்கு. கல்லூரி தமக்கையின் வளையல். அவ்வறிவே பொறுப்பாக மலர்ந்தது என்பது எமது துணிபு.

அவ்வீட்டில் இறைநம்பிக்கையும் அவ்வாறே ஊட்டப்பட்டது. தந்தையார் நாள்தோறும் தொழுததை மகன் கண்டான். இராமேசுவரம் கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் தந்தையாரின் நெருங்கிய நண்பராய் இருந்து உரையாடியதையும் கண்டான். தன் சமயத்தில் ஊன்றி நின்றுகொண்டே பிறர் சமயத்தை மதிக்கலாம் என்பதை அவனுக்கு எவரும் பாடமாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

இனி எமது வீடுகளை நோக்குவோம். இந்நாடுகளில் இரவு வேலைக்குச் செல்லும் தந்தையரும், இரண்டு இடங்களில் பணிபுரியும் தாய்மாரும் பலர். வீட்டுக் கடன், வாகனக் கடன், ஊரிலுள்ள முதியோருக்கு அனுப்பும் பணம் என யாவற்றையும் சுமக்கின்றோம். ஆனால் இவையெல்லாம் பிள்ளையின் காதில் விழாதவாறு கதவைச் சாத்திக்கொண்டு பேசுகின்றோம். அன்பினாலேயே மறைக்கின்றோம். மறைத்துவிட்டு, பிள்ளை உணரவில்லையே என்று நோவது எவ்வகையில் நியாயம்?

பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. சொல்லிக்காட்டுதல் வேறு, சொல்லிக்கொடுத்தல் வேறு. "உனக்காகத்தானே மாடாய் உழைக்கிறேன்" என்று நாள்தோறும் இடித்துரைத்தால் பிள்ளையின் உள்ளத்தில் குற்ற உணர்வே வளரும். அத்தமையனாரைப் போல் தனியே அழைத்து, தக்க வேளையில், அமைதியாகச் சொன்னாற் போதும். மாதத்தில் ஒருநாள் வீட்டு வரவு செலவைப் பிள்ளைகளுடன் இருந்து எழுதலாம். அப்பம்மாவுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி அவர்களும் அறியட்டும். கூலி எதிர்பாராது செய்யும் வீட்டுக் கடமை ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒப்படைக்கலாம். அவர்களைக் கோயிலுக்கோ தேவாலயத்திற்கோ பள்ளிவாசலுக்கோ அனுப்பிவிட்டு வாகனத்தில் காத்திராமல், நாமும் உடன் சென்று வணங்கலாம்.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! சனிக்கிழமை காலையில் உங்களைத் தமிழ் வகுப்புக்கு அழைத்து வருபவர் முன்னிரவில் எத்தனை மணிக்கு உறங்கினார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஊதியமின்றிக் கற்பிக்கும் உங்கள் ஆசிரியர் எந்த வேலையை முடித்துவிட்டு வகுப்புக்கு வந்தார் என்றும் கேளுங்கள். விடையைக் கேட்டுக் கவலையுற வேண்டியதில்லை. உங்களால் இயன்ற ஒன்றைச் செய்யத் தொடங்குங்கள்.

வறுமை எம் பிள்ளைகளுக்கு வேண்டாம். அதற்காகவே கடல் கடந்தோரும் எம்மிற் பலர். ஆனால் அவ்வறுமையிலும் எம் முன்னோர் பகிர்ந்து உண்டார்கள், உண்மையாய் உழைத்தார்கள், இறைவனை மறவாதிருந்தார்கள். அவற்றைக் கைவிடாது இல்லந்தோறும் வளர்ப்போமாக.