இன்னும் ஓர் இட்லி



உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை ஒரு காலத்தில் நமக்கு அயல்நாட்டுச் செய்தியாகவே இருந்தது. 1966இல் அமெரிக்க நாட்டு அயோவாவில் மருத்துவர் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த முறை பலவாறு மாறி வளர்ந்து, இன்று சென்னை மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. மருத்துவர் தம் பணியை முடித்து அனுப்பிவிடுகிறார். அதன்பின் வரும் இரண்டு மாதங்கள் வீட்டாரின் பொறுப்பு.

குழல்போல் வெட்டித் தைக்கப்பட்ட இரைப்பை தொடக்கத்தில் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லி அளவே கொள்ளும். ஒரு சிறிய காப்பித் தம்ளர் என்க. தையல் ஆறும்வரை கட்டியான எதுவும் அதனுட் செல்லலாகாது. ஆதலின் முதல் இரு வாரங்கள் வடிகட்டிய பருப்புநீர், மோர், தெளிந்த ரசம். அடுத்து மசித்த உணவு. பின்னர் ஆவியில் வெந்த மீன், முட்டை, குழைய ஊறவைத்த இட்லி. ஆறு முதல் எட்டு வாரங்கள் கடந்த பின்னரே மற்றவை. நாட்கணக்கு மருத்துவமனைதோறும் வேறுபடும். தம் மருத்துவர் எழுதித் தந்த தாளையே பின்பற்றுக. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் தேவை. முதலில் சோற்றை உண்டால் அதற்கு இடமிராது. முள் நீக்கிய பழவேற்காட்டு மீன் இருக்க, விலையுயர்ந்த மாவு டப்பாக்களை எல்லாரும் தேடியலைவது ஏனோ!

சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலை செய்வோரின் நிலை கடினம். ஒரு கவளத்தை இருபது முறைக்குமேல் மெல்ல வேண்டியவர், கேண்டீனில் அவசரமாக விழுங்கி எழுந்தால் அது நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். உணவோடு தண்ணீரும் அருந்தலாகாது. அரைமணி கழித்துச் சிறு மிடறுகளாக அருந்துக. மேற்பார்வையாளரிடம் மருத்துவர் கடிதத்தை முன்னரே கொடுத்துவிடுவது நலம்.

“இளைத்துப் போனாயே, இன்னும் ஓர் இட்லி வைத்துக்கொள்” என்று தாயும் மாமியாரும் வற்புறுத்துவது அன்பினாலேயே. ஆயினும் அந்த ஓர் இட்லி வாந்தியாய்த் திரும்பும். வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் பி1 உயிர்ச்சத்துக் குன்றி நரம்பும் மூளையும் கெடக்கூடும். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, படபடக்கும் நாடி ஆகியவை கண்டால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு விரைக.

நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பைப் பற்றிச் சிலர் வினவுகின்றனர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, நோயுற்றோரையும் அவர்களைப் பேணுவோரையும் அதிலிருந்து விலக்கியுள்ளது. தண்ணீரோ எவருக்கும் தடையன்று. திருப்பலியின்போது அடிக்கடி மிடறு நீர் அருந்துபவரை முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்கவேண்டாம்.

எடை குறைந்ததும் உயிர்ச்சத்து மாத்திரைகளை நிறுத்திவிடுவோர் உளர். அவை ஆயுள் முழுவதற்குமானவை. பி12, இரும்புச்சத்து ஆகியவற்றின் அளவை ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையால் அறிந்துகொள்க.