வாசல்வரை உடன் வரும் கைகள்

 

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில் நம் இல்லங்களில் இனிப்பு வழங்குகிறோம். உறவினர்களுக்குச் செய்தி சொல்லி மகிழ்கிறோம். பிள்ளையின் தலையை வருடித் துஆச் செய்கிறோம். யாவும் நல்லவையே. ஆனால், அந்த நாளைத் தொடர்ந்து வரும் இரண்டு வாரங்களில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அப்பிள்ளையின் எதிர்காலம் அமைகிறது. அந்த இரண்டு வாரங்களில் வழி சொல்ல ஆளின்றித் திகைத்து நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு வழி காட்டும் பணியைப் பற்றி இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

சென்னை மாநகரின் தென்பகுதியையும் நடுப்பகுதியையும் எண்ணிப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் 1914-இல் தோன்றிய இராணி மேரி கல்லூரி, மயிலாப்பூரில் 1946-இல் தோன்றிய விவேகானந்தா கல்லூரி, இராயப்பேட்டையில் 1951-இல் நம் சமுதாயப் பெரியோர் நிறுவிய புதுக்கல்லூரி, தேனாம்பேட்டையில் நீதியரசர் பஷீர் அஹமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955-இல் எழுந்த எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி, அடையாற்றை அடுத்து 1959-இல் அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம். சில கல் தொலைவுக்குள் இத்தனை கல்விக்கூடங்கள் அமைந்த பகுதிகள் நம் மாநிலத்தில் மிகச் சிலவே.

இவற்றின் அருகிலேயே நொச்சிக்குப்பமும் ஊரூர்க்குப்பமும் இருக்கின்றன. மீர்சாகிப்பேட்டையிலும் ஜாம்பஜாரிலும் ஒற்றை அறைக்குள் ஆறு பேர் வாழும் வீடுகள் இருக்கின்றன. தந்தை ஆட்டோ ஓட்டுவார், அல்லது தியாகராய நகர் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் துணி எடுத்துப் போடுவார். தாய் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பார். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலுக்குப் பத்து நிமிட நடைதான். ஆயினும் அக்குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எவரும் அவ்வாசலைக் கடந்ததில்லை. ஏன்?

பணம் இல்லாமையே காரணம் என்று உடனே கூறிவிடுவோம். அது பாதி உண்மைதான். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் சேர்வதற்கான விண்ணப்பத்துக்கு அண்மை ஆண்டுகளில் பெறப்பட்ட கட்டணம் 48 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 ரூபாய். ஐம்பது ரூபாய் இல்லாமலா நம் பிள்ளைகள் வீட்டில் தங்கிவிடுகிறார்கள்? இல்லை. எந்த நாளில், எந்தப் பாடத்துக்கு, எந்தெந்தச் சான்றிதழ்களோடு விண்ணப்பிப்பது என்று சொல்வாரில்லாமல் தங்கிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு 2007-இல் கிடைத்தது. ஆனால், சாதிச் சான்றிதழ் கையில் இல்லாத பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்? குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கே அது உண்டு என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவக் கல்வியில் 2020-இலும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021-இலும் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது பொருந்தாது என்பதைக் கலந்தாய்வுக்குச் சென்ற பின்னரே அறிந்து கண்ணீர் விடுவது எவ்வளவு வேதனை! சென்னைப் பல்கலைக்கழகமோ 2010-11-இல் ஓர் இலவசக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, தன் இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கெனச் சில இடங்களை ஒதுக்கியது. நாளிதழின் ஒரு மூலையில் வரும் அறிவிப்பைக் கண்டவர்க்கே அந்த இடம் கிட்டும்.

ஆக, கதவுகள் பல உள்ளன. எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆள்தான் வேண்டும்.

மாணவரே மாணவருக்கு

அந்த ஆள் யார்? பேராசிரியரைக் காட்டிலும், அதிகாரியைக் காட்டிலும், அண்மையில் அதே வாசலைக் கடந்து வந்த கல்லூரி மாணவரே அப்பணிக்குப் பொருத்தமானவர். அவர் நிரப்பிய படிவத்தின் நினைவு அவருக்கு இன்னும் மாறவில்லை. தாம் அடைந்த அச்சமும் அவருக்கு மறக்கவில்லை. பத்தொன்பது வயது அக்காள் ஒருத்தி அருகில் அமர்ந்து, 'நானும் உன்னைப் போலத்தான் பயந்தேன்' என்று கூறும்போது, பதினேழு வயதுத் தங்கைக்குப் பிறக்கும் துணிவை எந்த மேடைப் பேச்சும் தந்துவிடாது.

இது வெறும் கற்பனையன்று. நம் சென்னையிலேயே 2006-ஆம் ஆண்டில் இளம் நண்பர்கள் சிலர் கூடி 'பூமி' என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். கல்லூரி மாணவர்களும் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் வார இறுதியில் குழந்தைகள் இல்லங்களுக்குச் சென்று ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் கற்பித்தார்கள். தொடங்கியவர்களிடம் கட்டடம் இல்லை. இடத்தைக் குழந்தைகள் இல்லங்கள் தந்தன. நேரத்தை இளைஞர்கள் தந்தார்கள். பின்னர்ப் பொருளுதவிக்கு நிறுவனங்கள் முன்வந்தன. இவ்வாறு பல கைகள் சேர்ந்ததால் அப்பணி சென்னையைக் கடந்து பிற நகரங்களுக்கும் சென்றது.

அதே 2006-இல் நடிகர் சூர்யா தொடங்கிய அகரம் அறக்கட்டளை தியாகராய நகரிலிருந்து இயங்குகிறது. 2010-இல் அது தொடங்கிய 'விதை' திட்டம், வறிய குடும்பத்துப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் பணியைச் செய்கிறது. அது நடைபெறும் விதத்தைக் கவனியுங்கள். பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். தன்னார்வலர்கள் அவர்களுடைய வீட்டுக்கே சென்று நிலைமையை நேரில் காண்கிறார்கள். கல்லூரிகள் இடம் தந்து உதவுகின்றன. நன்கொடையாளர்கள் செலவை ஏற்கிறார்கள். படித்து முடித்த பிள்ளைகளுள் பலர் அடுத்து வருவோருக்குத் தாமே வழிகாட்டிகளாகத் திரும்பி வருகிறார்கள். உதவி பெற்ற கை உதவும் கையாக மாறுவதே இப்பணியின் உயிர்.

இத்தகைய எண்ணம் இப்பகுதிக்குப் புதிதும் அன்று. 1894-இல் கர்னல் ஆல்காட், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக அடையாற்றுப் பகுதியில் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1905-இல் ஆதரவற்ற சிறுவர் சிலருடன் மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மாணவர் இல்லம் தொடங்கப்பட்டது. ஏழை மாணவர்க்கு உணவும் உறைவிடமும் கல்வியும் தருவது அதன் நோக்கம். பெண்கள் மேற்படிப்புக்குச் செல்வது அரிதாக இருந்த காலத்தில் நம் பெரியோர் மகளிர் கல்லூரி கண்டார்கள். பாதை போட்டவர்கள் முன்னோர். அப்பாதையில் இன்றைய பிள்ளையைக் கைபிடித்து அழைத்துச் செல்வது நம் கடமையல்லவா?

மாணவரால் இயலாதது எது?

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் கூற வேண்டும். மாணவர்கள் தாமே நடத்தும் வழிகாட்டிக் குழு மிகுந்த ஆர்வத்துடன் தொடங்கும். பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் ஓய்ந்துவிடும். அவர்கள் மீது குறை கூறுவதற்கில்லை. தேர்வு வருகிறது, பட்டம் பெறுகிறார்கள், வேலை தேடி வேற்றூர் செல்கிறார்கள். இடைவிடாது தொடர்வது அவர்களால் இயலாது. அவர்களிடம் அறை இல்லை, பணம் இல்லை, கல்லூரி இடத்தைத் தரும் அதிகாரமும் இல்லை. இவற்றையெல்லாம் வைத்திருப்பவர்கள் வேறு சிலர். அவர்களும் மாணவரோடு கைகோக்க வேண்டும்.

முதலாவது, பள்ளி. பதினோராம் வகுப்பிலேயே பிள்ளைகளைச் சந்திக்கத் தலைமையாசிரியர் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கித் தந்தால் போதும். ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றால், குழுவினர் மாறினாலும் பணி மாறாது.

இரண்டாவது, கல்லூரி. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிகளில் இருக்கிறது. வழிகாட்டிக் குழுவை அதனோடு இணைத்தால், செல்கின்ற மாணவர் வருகின்ற மாணவரிடம் பதிவேட்டை ஒப்படைத்துச் செல்வார்.

மூன்றாவது, அரசு. 2022-இல் 'நான் முதல்வன்' திட்டமும், பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமும் தொடங்கப்பட்டன. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024-இல் வந்தது. திட்டத்தை அரசு வகுக்கலாம். அதன் நிபந்தனைகளை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விளக்குவது நம் பிள்ளைகளால்தான் இயலும்.

நான்காவது, நம் மஹல்லா ஜமாஅத். பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா அறை பல மாலை வேளைகளில் பூட்டிக் கிடக்கிறது. வாரம் இரு மாலைகள் அதைத் திறந்து, மின்விளக்கும் ஒரு கணிப்பொறியும் தந்தால் அதுவே வழிகாட்டி மையமாகிவிடும். அண்டை வீட்டு இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் அங்கே வரட்டும். அறிவுக்கு வேலி போட வேண்டாம். தேவையுடைய மாணவருக்கு ஜகாத்திலிருந்தும் சதகாவிலிருந்தும் எவ்வாறு உதவலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டறிந்து ஒரு கல்வி நிதியை ஒழுங்கு செய்யலாம். பெருந்தொகைதான் வேண்டுமென்பதில்லை. கலந்தாய்வுக்குச் செல்லும் பேருந்துக் கட்டணமும் முதல் பருவத்துப் புத்தகச் செலவும் கிடைக்காமல் நின்றுவிட்ட படிப்புகள் உண்டு.

இந்தக் கூட்டு நிலைக்க வேண்டுமானால், அவரவர் பொறுப்பைத் தாளில் எழுதிக் கொள்வது நலம். அறையின் சாவி யாரிடம்? எந்தக் கிழமை யார் வருவார்? படிவத்துக்கான செலவை யார் தருவார்? பெண்பிள்ளைகளுக்கு வழிகாட்டும் சகோதரிகள் யார்? அவர்கள் வீடு திரும்பும்வரை உடனிருப்பது யார்? இவை சிறிய கேள்விகளாகத் தோன்றும். விடையின்றி விட்டால், பெரிய நோக்கங்களும் இவற்றால் குலைந்து போகும்.

உதவுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஏழைப் பிள்ளையை மேடையில் நிறுத்திக் காசோலையோடு படம் பிடிக்காதீர்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டி, பெற்றவர் மனத்தைப் புண்படுத்தலாகாது என்பது நம் மார்க்கம் வற்புறுத்தும் பண்பு. அப்பிள்ளை நாளை அக்கல்லூரியில் நிமிர்ந்து நடக்க வேண்டியவன் அல்லவா?

சேர்த்துவிட்டதும் பணி முடிந்தது என்றும் எண்ணற்க. கல்லூரியில் முதல் ஆறு மாதங்களே கடினமானவை. தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலப் பாடத்தின் முன் மௌனமாகி, ஒரு நாள் வராமல் நின்றுவிடும். அப்போது 'ஏன் வரவில்லை?' என்று கேட்க ஒருவர் இருந்தால் அப்பிள்ளை பிழைத்துக் கொள்ளும். சேர்க்கைக்கு உதவிய அண்ணனே முதல் பருவத் தேர்வு முடியும்வரை வாரம் ஒருமுறை பேசுவது என்று விதி செய்து கொள்ளுங்கள்.

பெற்றோரே, நீங்களும்!

எத்தனை கைகள் சேர்ந்தாலும், வீட்டின் ஒப்புதல் இன்றி எதுவும் நடவாது. 'மூத்தவன் கடைக்குப் போனால் மாதம் சில ஆயிரம் வருமே' என்ற தந்தையின் கணக்கை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அது பேராசையால் வந்த கணக்கன்று. வாடகை நாளை எண்ணிப் போடும் கணக்கு. அதனால்தான் அந்தத் தந்தையிடம் அறிவுரை மட்டும் கூறாமல், எந்தச் சலுகையால் எவ்வளவு செலவு குறையும், மாலை நேரக் கல்லூரி உண்டா, பகுதிநேர வேலைக்கு வழி உண்டா என்று கணக்கோடு பேச வேண்டும். 'பெண்பிள்ளைக்கு இது போதும்' எனும் தாயிடம், படித்த பெண்ணால் இரு குடும்பங்கள் தலைநிமிர்ந்த கதையை அவருக்குத் தெரிந்த ஒரு சகோதரியே சென்று கூறட்டும்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டில் கல்லூரி செல்லும் மகனோ மகளோ இருந்தால், சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரத்தை இப்பணிக்குத் தருமாறு கூறுங்கள். நீங்கள் ஜமாஅத் நிர்வாகத்தில் இருந்தால், அந்த அறையின் பூட்டைத் திறந்து விடுங்கள். வசதி படைத்தவராயின், ஒரு பிள்ளையின் முதல் ஆண்டுச் செலவை ஏற்றுக் கொள்ளுங்கள். இவற்றுள் ஒன்றுக்கும் இயலாதவர், தம் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எவரெவர் என்று ஒரு தாளில் எழுதி, வழிகாட்டிக் குழுவிடம் கொடுத்தாலே போதும். பணி அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது.

முடிவு வரும் மே மாதம்வரை காத்திருக்க வேண்டாம். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே உங்கள் இல்லத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இல்லையேல், இ-சேவை மையத்துக்கு நாளையே செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு உங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையாவது அந்தப் பத்து நிமிட நடையை நடந்து கல்லூரிக்குள் செல்லட்டும்.